நாலு மைக்ரான்

ததேயுஸ், ஆண், 41, குறும்பனை.
இடது இடுப்புத் தோல், ஃபார்மலினில்.
இவ்வளவுதான் எனக்கு வந்த ஆள்.

ஆசாரிபள்ளத்தில் என் மேசை ஜன்னலோரம்.
பங்குனி வெக்கையில் மெழுகு இளகும், ஐஸ் கேட்கும்.
நாலு மைக்ரான் கனத்தில் சீவினால்
ரிப்பனாய் ஓடிவரும்.
வெந்நீரில் மிதக்கவிட்டுக்
கண்ணாடியில் ஏந்துவேன்.
பலமாய் மூச்சு விட்டால் பறந்துவிடும்
ஒரு மனிதனின் ஓரம்.

சீட்டில் எழுதியிருந்தது:
படை? எக்சிமா? ஆறு வருடம். களிம்புகள் பல.
குளச்சல் மருந்துக்கடைகளில் அவர் பிதுக்கித் தீர்த்த டியூபுகள்
அந்த 'பல'வுக்குள் கிடந்தன.
கடல்வெயில் தின்ற முதுகில் ஒன்றுமில்லை.
கைலி மறைக்கிற இடத்தில்தான்
சுருக்கம் விழுந்த சிவப்பு.

ஊதாச் சாயத்தில் பார்த்தேன்.
மேல்தோலின் அடிவரிசையில்
கடைசி பஸ்ஸுக்கு நிற்பவர்களைப்போல
ஒன்றன்பின் ஒன்றாக, பேசாமல்,
கொஞ்சம் கசங்கிய முகத்தோடு.
சந்தேகப்பட வழியில்லை.
காவல் அணுக்கள் போடும் அதே சட்டை.
காவல் அணுக்கள்தாம் அவை, ஒரு காலத்தில்.
நடுநடுவே பழுப்புச் சாயம் பிடித்த நல்லவை,
எண்ணினேன், தொண்ணூறுக்கு மேல்,
விழித்தே நின்றன.

பிறகு வெளிச்சப் பெட்டி.
வாரம் மூன்று நாள், கறுப்புக் கண்ணாடி மாட்டி,
துணியில்லாமல் உள்ளே நிற்க வேண்டும்.
கடலுக்குப் போகிறவனுக்கு
வெளிச்சத்தைச் சீட்டெழுதிக் கொடுத்தோம்.
கேட்டது.
ஒன்றரை வருடம் கேட்டது.

45. வலது தொடை. தடித்த திட்டு.
இம்முறை வரிசை இல்லை.
மேல்தோலுக்குள் சின்னச் சின்ன அறை எடுத்துக்
குடும்பமாய் இருந்தன.
பழுப்பு, நாற்பது.

போன ஆடியில் மூன்றாவது.
48. கட்டி, புண்ணாகியிருக்கிறது, நாற்றம்.
முதல் சீவலிலேயே கத்திக்குத் தெரிந்தது.
பெருத்துப்போய், நிறம் முற்றி,
மேல்தோலை அப்படியே கைவிட்டு
ஆழத்தில் இறங்கிக் கிடந்தன.
இனி அவற்றுக்குத் தோல் வேண்டாம்.
பழுப்பைத் தேடினேன். ஓரத்தில் ஆறு, ஏழு.
அணுக்களின் களைப்புக்கும் ஒரு சாயம் இருக்கிறது.
அது நன்றாகப் பிடித்திருந்தது.
வயிற்றுப் புழுவுக்கும் தூசுக்கும் வருகிற
சிவப்புக் குருணை அணுக்கள் வந்து மொய்த்திருந்தன,
யாரோ சண்டையின் பெயரை மாற்றிச் சொல்லி
வேறு பட்டாளத்தை வரவழைத்ததுபோல.
இரவெல்லாம் அரிப்பு, தூக்கமில்லை
என்று சீட்டின் மூலையில் சின்ன எழுத்து.

செவ்வாய்க்கிழமை கவுண்டரில் ஒருவர்.
திருவனந்தபுரம் போகணும், சில்லும் கட்டையும் வேணும்.
பெயரைச் சொன்னதும்
தப்பு செய்து மாட்டிக்கொண்டவள்போல எழுந்தேன்.
நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார்.

ஒரு சில்லை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்.
"இது எனக்க தோலா மக்களே?"
"ஆமா."
"இந்த ஊதா?"
சீக்கு என்று சொல்லியிருக்கலாம்.
"அதும் உங்களுக்கதுதான்."
வெகுநேரம் பார்த்தார்.
"அப்ப யாருகிட்ட சண்ட பிடிக்க?"

ரிஜிஸ்டரைத் திருப்பி, கையெழுத்து இடத்தைக் காட்டினேன்.
பஸ் குலுக்கலில் உடையுமா என்றார்.
பஞ்சு வைத்துச் சுற்றிக் கொடுத்தேன்,
மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்,
களியக்காவிளை வரைக்கும் ரோடு மோசம்.

அன்று ராத்திரி முழங்கையில் கொசு கடித்தது.
சொறியப் போன விரல் நின்றுவிட்டது.
தடிப்பு மெல்ல எழும்பியது.
உள்ளேயிருந்து யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள்,
அதே சட்டையில்.
விளக்கை அணைக்காமல்
பார்த்துக்கொண்டிருந்தேன்.