நாலாவது ஆணி

பலகைக்கு எண்பது சொற்கள் என்று
நகரசபை முடிவெடுத்திருந்தது.
ஒடீல் அம்மையார் இருநூற்றுப் பத்தில் தொடங்கி
ஏழு மாதமாக வெட்டினாராம்.
வெட்டியதெல்லாம் இன்னும் அவர் வாயில் இருந்தது.
நவம்பர்க் குளிரில்
ஆவியாய் வந்துகொண்டிருந்தது.

எனக்கும் வில்னருக்கும்
நாலு துளை, நாலு ஆணி, அவ்வளவுதான்.

பழைய மொன்றியலில்
துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில்
தராசுச் சதுக்கம்.
தராசு பெயரில் மட்டும்.
கண்ணுக்கு இருபத்திரண்டு இரும்புக் கதிரைகள்,
பூட்டிய ஐஸ்கிறீம் கடை,
புறா குந்தாமல் முள் வைத்த விளக்குக் கம்பம்.

வைக்கோல் வண்டிகளை இங்கேதான்
நிறுத்தினார்கள். பிறகு நிறுத்தார்கள்.
(இந்த வேடிக்கை தமிழில்தான் வரும்,
அம்மையாருக்குச் சொல்லவில்லை.)
பாரம் கூட்ட வைக்கோலை நனைத்துக் கொண்டுவருவார்கள்.
மாசியில் அது வண்டியிலேயே கண்ணாடியாகிவிடும்.
எலுவா திபோ என்றொருவன்
உள்ளே கல் வைத்தான்.
மூன்று மணிநேரம் கழுத்துமரத்தில் பூட்டிவைத்தார்கள்,
சந்தை நாளில், மனைவி பார்க்க.
அவன் எண்பத்தோராவது சொல்.

வைக்கோல் போனபின்
விடியுமுன் கப்பல் கூலிகள் வந்து நிற்பார்கள்.
ஒருவன் பெட்டிமேல் ஏறி
நீ, நீ, நீ இல்லை, நீ.
கங்காணி, என்றேன்.
கோமாந்தே, என்றான் வில்னர்
தன் தீவின் கரும்புத் தோட்டத்திலிருந்து.
அம்மையார் இரண்டையும் குறித்துக்கொண்டார்.
எங்கே போடப்போகிறார், தெரியாது.

பிறகு தார். பிறகு அறுபத்து நாலு கார்கள்.
மறுபடி நிறுத்தினார்கள்,
நிறுக்கத்தான் ஆளில்லை.
கூண்டுக்குள் ரொஸேர் இருபத்தாறு வருடம்
சில்லறை எண்ணினார்.
கூண்டை இடித்தபோது
அவர் மகள் கேட்டு வாங்கிப் போனாள்.
இப்போது அதில் கோழிகள்.

பலகையை மண்டியிட்டுத் துடைத்தேன்.
முதல் வரி ஒரு வருடத்தோடு தொடங்குகிறது.
அதற்கு மேலே, சட்டத்துக்குக் கீழே,
இரண்டு விரற்கடை
வெறும் வெண்கலம்.
அதற்கு முன்னே இங்கு யார், என்று கேட்டேன்.
அந்த இடத்தை விடச் சொன்னதே நான்தான், என்றார்.
அதற்கு மேல் ஆவி வரவில்லை.

மூன்று ஆணி இறங்கிவிட்டது.
நாலாவதில் டிறில் வீரிட்டது.
கல் இல்லை, குழாய் இல்லை,
தட்டையாய், அகலமாய், இரும்பு.
வில்னர் துளையில் காதை வைத்தான்.
அம்மையார் தொப்பியைக் கழற்றிவிட்டுக்
கையுறையோடு தரையைத் தடவினார்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
நிறுத்துங்கள், என்றார்.

வேலை நின்றது. தோண்டுவதற்கு வசந்தம் வரவேண்டும்,
அனுமதி வரவேண்டும், காசு வரவேண்டும்.
ஆரஞ்சுக் கூம்பு ஒன்றை வைத்துவிட்டு வந்தோம்.
அதை யாரோ அன்றிரவே களவெடுத்தார்கள்.

போன கிழமை அந்தப் பக்கம் போனேன்.
பலகையின் ஒரு மூலை இன்னும் தூக்கிக்கொண்டுதான்.
மிதித்தால் இறங்குகிறது, டக்.
காலை எடுத்தால் ஏறுகிறது.
கைபேசியில் கத்திக்கொண்டு போன ஒருத்தி, டக்.
நாய் மிதித்தது, அசையவில்லை.
பள்ளிப் பையன் ஒருவன் விளங்கிக்கொண்டு
புத்தகப்பையோடு ஒருதரம், கழற்றிவிட்டு ஒருதரம்.

நானும் ஏறி நின்றேன்.
கீழே ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பிப் பார்த்தால் வானின் கண்ணாடியில்
தண்டச் சீட்டு,
தொண்ணூற்றிரண்டு டொலர்,
இங்கே நிறுத்தியதற்கு.