விளக்கம் கேட்டுத் திருப்பப்படுகிறது

சாப்பாட்டுக்குப் பிறகு பல் குத்திக்கொண்டே
கோமதிநாயகம் அண்ணாச்சி கேட்பார்:
"உங்க ஆளு நெசமாவே இருந்தாரா வே?"

நான் கோயிலுக்குப் போவதை விட்டுப் பதினொரு வருஷம்.
இருந்தும் 'உங்க ஆளு' கொஞ்சம் சுடும்.

மனுவைத் தள்ளுபடி செய்கிற அதே குரலில் அடுக்குவார்:
பிறந்த தேதி கிடையாது.
கையெழுத்திட்ட தாள் ஒன்று கிடையாது.
ரோமாபுரிக் குமாஸ்தா ஒருவன் ஒரு வரி எழுதினான்,
ஆள் போய் எண்பது வருஷம் கழித்து,
வேறு எவனையோ திட்டுகிற சாக்கில்.
முதல் கடுதாசி எழுதினவர் அவரை நேரில் கண்டதில்லை.
சாட்சி நாலு. நாலும் நாலு மாதிரி.

"நாசரேத்துன்னு ஊர் இருக்கே" என்றேன்.
"இருக்கு. பாளையங்கோட்டையிலேருந்து பஸ்ஸும் போகுது" என்றார்.

ராதாபுரம் தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே
ஒரு காற்றாலை நின்றுகொண்டிருந்தது, பழுது.

கூத்தன்குழி சலேத்தம்மாள்
ஏழு வருஷம் காத்திருந்து வந்தாள்.
கடலுக்குப் போன புருஷன்; உடல் கிடைக்கவில்லை.
வீடு அவள் பேருக்கு மாற இறப்புச் சான்று வேண்டும்.
இறந்தார் என்று காட்ட
முதலில் இருந்தார் என்று காட்டு.

ரேஷன் கார்டில் காஸ்பர்.
கஸ்பார் வேறு ஆள் என்கிறது கம்ப்யூட்டர்.
ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்று
'கஸ்' மட்டும் மிச்சம்.
கடைசியில் முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்தாள்
டீக்கடைப் பற்று நோட்டில் கிழித்த தாள்:
கஸ்பார், பாக்கி, நாற்பத்தாறு ரூபாய்.
"இல்லாத ஆளுக்கு எவன் சார் கடன் குடுப்பான்?"

அண்ணாச்சியின் குச்சி பல்லிலேயே நின்றது.

கூடப் போய்த் திரும்பியவர்கள் நாலு பேர்.
ஒருவன் கச்சான் என்றான், ஒருவன் வாடை.
வள்ளம் கவிழ்ந்தது நடுச்சாமம்;
இல்லை, வெள்ளி முளைத்த பிறகு.
கடைசியாகத் தண்ணி கேட்டார்;
இல்லை, அம்மாவைக் கூப்பிட்டார்.
நாலும் ஒன்றாயிருந்தால்
சொல்லிக்கொடுத்த சாட்சி என்று நானே தள்ளியிருப்பேன்.

நாலாவது ஆள் சவேரியான்
எழுந்தவன் திரும்ப உட்கார்ந்து சொன்னான்:
"மூணா நாளு விடியக்கருக்கல்ல
பெருமணல் கரையில பாத்தேன்.
தீ மூட்டி சாளை சுட்டுக்கிட்டு நின்னாவ.
சாப்பிட வாரியளான்னு கேட்டாவ.
இதையும் எழுதிக்கிடுங்க."

எழுதினேன். அடிக்கப் பேனா எடுத்தேன்.
இந்த ஒரு வரிக்காக மற்ற மூன்று பக்கமும் பொய்யா?
மற்ற மூன்று பக்கத்துக்காக இந்த வரி மெய்யா?
இதற்கு விதி எங்கள் கையேட்டில் இல்லை.
ரோமாபுரிக்காரனுக்கும் இருந்திருக்காது.

அன்று ராத்திரி படுக்கையில் தோன்றியது:
சாமியைக் கட்டுகிறவன்
பெரிய ஊராகப் பார்த்துப் பிறக்க வைத்திருப்பான்.
கள்ளன்களுக்கு நடுவில் வைத்து ஆணி அடிக்க மாட்டான்.
அதில் அந்த நாற்பத்தாறு ரூபாய் வாசம் அடிக்கிறது.
வாசத்தைக் கோப்பில் வைக்க முடியாது, தெரியும்.

மனுவை எழுதியவள் மகள், ஒன்பதாம் வகுப்பு.
"என் அப்பா கடலில் இருந்து போனார்."
'ரு'வை அடித்து 'ற' போட வேண்டும்.
சிவப்புப் பேனா பையில்தான் இருந்தது.
அப்படியே குறிப்பில் எடுத்து எழுதினேன்,
சாளை சுட்ட வரிக்குக் கீழே.

அண்ணாச்சி என் தோளுக்கு மேலாகப் படித்தார்.
அதோடு கேட்பதை விட்டுவிட்டார் என்றால் நன்றாயிருக்கும்.
மறுநாளும் கேட்டார்:
"எல்லாஞ் சரி, ஆதாரம் எங்க வே?"

மூன்று வாரத்தில் சேரன்மகாதேவியிலிருந்து
கோப்பு திரும்பி வந்தது.
ஓரத்தில் பச்சை மையில் ஒரு கேள்விக்குறி.
இரண்டு வரிக்கும் நடுவில் விழுந்திருக்கிறது,
எதற்கு என்று தெரியவில்லை.