வேறொரு ஏழு

ஓவுலுவில் இன்று மைனஸ் இருபத்தாறு.
வெய்க்கோவுக்குப் பாதம் எரிகிறது.
ஊசியால் தொடுகிறேன், தெரியவில்லை.
பனிக்கட்டி வைக்கிறேன்,
அதுவும் தெரியவில்லை.
கூரைப் பனியைத் தள்ளப் போய்
பனியோடு தானும் விழுந்தவர்.
இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்
நெருப்பு மட்டும் மிச்சம்.

பூஜ்யம் முதல் பத்துவரை
ஓர் எண் கேட்பது என் வேலை.
ஏழு, என்கிறார்.
நேற்றும் ஏழுதானே?
அது வேறொரு ஏழு.
நேற்று கொதிக்கும் தாரில் நின்றேன்,
இன்று தார் இறுகிவிட்டது,
யாரோ காலைப் பிடுங்குகிறார்கள்.

படிவத்தில் ஒரு கட்டம்தான்.
ஏழு.

பிறகு கண்ணாடி.
மேல்பாதி அவர்.
கீழே திரையில் நடக்கும்
யாருடையவோ கால்கள்.
தினம் இருபது நிமிடம்.
மூளை ஏமாந்தால் எரிச்சல் தணியலாம்,
தணியாமலும் போகலாம்.
தெரியாததால்தான் முப்பத்தொரு பேரைக்
கூப்பிட்டிருக்கிறோம்.

பன்னிரண்டாவது நிமிடம் சிரித்துவிட்டார்.
"வலது கால் உள்ளே திரும்புகிறதே சைமி,
காபி கொண்டுவரும்போது
நீயும் இப்படித்தான் வருவாய்."

சொல்லக் கூடாது. சொல்லவில்லை.
நடக்க வேண்டியவன் வராத அன்று
அவன் கால்சட்டையை மாட்டிக்கொண்டு
டிரெட்மில்லில் ஏறியவள் நான்.

விளக்கைப் போட்டு, எண்? என்கிறேன்.
ஆறு, என்கிறார்.
கொஞ்சம் பொறுத்து, ஆறரை.
"எரிச்சல் ஆறு. மீதி அரை
உன் பூட்ஸ் கடிப்பது."

அரை எண்களை ஏற்பதில்லை நாங்கள்.
பேனாவை மூடாமல் நிற்கிறேன்.
அந்த பூட்ஸ்
எனக்கு ஓர் அளவு சிறியது.