வெள்ளம்

காவல்கிணறு தாண்டி வந்த ஒரே குழாயைத்
திருகினேன். காற்று வந்தது.

எதிரே கணவாய்
வாயை மூடாமல் ஊதுகிறது.
தொப்பியை வள்ளியூரிலேயே கொடுத்தாயிற்று.
தருமபுரியிலிருந்து இருபத்தாறாவது நாள்,
பல்லிடுக்கில் மணல்,
பாட்டிலில் இரண்டு விரல் தண்ணீர்:
குடிக்காமல்
அவ்வப்போது தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.
முப்பந்தலில் திரும்பிய பக்கமெல்லாம் காற்றாலை.
எத்தனை வீட்டு மிக்ஸியோ அதில் ஓடுகிறது,
ஒரு டம்ளர் இல்லை.

எண் அழிந்த ஒரு கோபுரத்தடியில்
இரும்புக் கதவைத் திறந்து
கிரீஸ் கையைத் துடைத்தபடி ஒருவர் கத்தினார்:
"வெள்ளம் வேணுமா?"

வெள்ளமா?
நான் வானத்தைப் பார்த்தேன்.
கூட நின்ற பையன், அஜின், சிரித்துவிட்டான்.
"அண்ணன் அருமனைக்காரரு.
குடிக்கிய வெள்ளத்தத்தான் கேக்காரு."

கோபுரத்துக்குள் காற்றே இல்லை.
என் தொண்டையில் தண்ணீர் இறங்குவது
எனக்கே கேட்டது.
நீலக் கேனைச் சாய்த்துப் பிடித்திருந்த றசலையன்
மூன்றாவது செம்புக்குப் பிறகுதான் பேர் கேட்டார்.
ஏன் நடக்கிறேன் என்று
கேட்கவேயில்லை.
தூக்குவாளி மூடியில்
பாதி மரச்சீனிக் கிழங்கைத் தள்ளி
மேலே மத்திக் குழம்பு ஊற்றினார்.
"பையத் தின்னும். விக்கும்."

கிளம்பி நூறடி போன பிறகே
நன்றி சொல்லாதது உறைத்தது.
திரும்பாமலே கத்தினேன்.
காலையிலிருந்து நெஞ்சில் கைவைத்துத் தள்ளிய காற்று
அதைப் பறித்துக்கொண்டு
பின்னால் ஓடிற்று. கேட்டிருக்கும்.

பாட்டிலில் இப்போது
கழுத்தளவு வெள்ளம்.