உலர்ந்தது எனக் கொள்க

ஏழாவது கேள்வி.
நான்கு மீட்டர் உயரத் தடுப்புச் சுவர்.
பின்னால் மண். உராய்வுக் கோணம் முப்பது பாகை.
கடைசியில், யாரும் தடுக்கி விழாதபடி சின்னதாய் ஒரு வரி:
பின்மண் உலர்ந்தது எனக் கொள்க.

ஐப்பசியில், குன்னூரில்,
ஜன்னல் சாத்தியும் மூடுபனி உள்ளே வந்து
முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கூடத்தில்
அதைப் படித்தேன்.
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த கண்காணிப்பாளர்
இரண்டு ஸ்வெட்டருக்குள் இருந்தபடி
இன்னும் நாற்பது நிமிஷம் என்றார்.
விடைத்தாள் அப்பளமாய் நமுத்திருந்தது.
பேனா ஊன்றிய இடமெல்லாம்
மை வேர் விட்டது.

போன வருஷமும் இதே சுவர்தான், எண்கள் வேறு.
அப்போது எனக்குத் திமிர்.
'இந்த மலையில் அப்படிக் கொள்ள இயலாது' என்று எழுதி
நீரின்றி ஒருமுறை, நீரோடு ஒருமுறை
இரண்டு விடை போட்டேன்.
எட்டையும் ஒன்பதையும் தொட நேரமில்லை.
நான்கு மதிப்பெண்ணில் போயிற்று உரிமம்.

கூடலூர் ஷெரீபுக்கும் போயிருந்தது, இரண்டாம் முறையாக.
பேருந்து நிலையத்தில் வர்க்கியைத் தேநீரில் முக்கிக்கொண்டே சொன்னான்:
"அக்கா, அவங்க சுவரைப் பத்திக் கேக்கல.
சொன்னா கேப்பியான்னு கேக்குறாங்க."

இந்த வருஷம் கேட்டேன்.
உலர்ந்தது என்றே கொண்டேன்.
மீட்டருக்கு நாற்பத்தெட்டு கிலோநியூட்டன்.
அடியில் இரட்டைக் கோடு.
கை நடுங்கவில்லை,
குளிரில் விறைத்திருந்தது, அவ்வளவுதான்.

தையில் பதிவு எண் வந்தது.
முத்திரை செய்யக் கொடுத்தேன் ஆல்துரை கடையில்.
றகரத்தை ரகரமாக்கி
முதலில் என்னைப் பொரியாளர் ஆக்கினார்.
கடலையும் சேர்த்து விற்கலாம் என்றேன்.
திருத்திக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.
வட்டத்துக்குள் என் பெயர், என் எண்,
நான் செல்லுபடியாகும் கடைசித் தேதி.
பழைய நாளிதழில் ஒருமுறை குத்திப் பார்த்தேன்.
சாயங்காலம் வரை காயவில்லை.

வைகாசியில் மழையோடு வந்தது முதல் வரைபடம்.
அரவேணுப் பக்கம், தேயிலை பிடுங்கிய சரிவில்
பதினோரு அறை விடுதி.
பின்னால் ஒரு சுவர். நான்கு மீட்டர்.
சிரித்தேன், கொஞ்ச நேரம்.
கணக்கு சுத்தம். நாற்பத்தெட்டு.
வடிதுளை ஒன்றுகூட இல்லை.

"ஓட்டை வச்சா பாசி வழியும் மேடம்,
ரூம்ல இருந்து பாத்தா நல்லாருக்காது.
உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி"
என்றார் ஒப்பந்தக்காரர்.

வண்டி எடுத்துக்கொண்டு போனேன்.
வெட்டி நிறுத்திய மண் முகத்தில்
எஃகு அளவுகோலைச் செருகி இழுத்தேன்.
அந்தக் கீறலில் ஒரு ஊற்றுக்கண் திறந்து
என்னைப் பார்த்தது.
"நேத்து இங்க தண்ணி இல்லீங்க"
என்றார் மேஸ்திரி செபஸ்தியான்,
திருட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தவர் போல.

வண்டிக்குள் உட்கார்ந்து
பரீட்சையில் எழுதாத இரண்டாவது விடையை எழுதினேன்.
சுவர் முழுக்க நீர் நின்றால்
நூறு.
வரைபடத்தில் கட்டில்கள் எங்கே என்று தேடினேன்.
பதினொன்றிலும் தலைமாடு
சுவர்ப் பக்கம்.

அடித்தளம் போதாது என்று எழுதினேன்.
சிவப்பில் துளைகள் குத்தினேன், பின்னால் சரளை வரைந்தேன்,
அம்மை போட்ட முகம் போல ஆனது சுவர்.
முத்திரை இல்லாமல் திருப்பி அனுப்பினேன்.
வேறு ஆளிடம் போவார்கள், தெரியும்.
இந்த மலையில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்தாலும்
முத்திரைக்கு வராது.

எட்டாம் நாள் ராத்திரி ஷெரீப் கூப்பிட்டான்.
அவனும் இந்த முறை தேறியிருந்தான்.
புது முத்திரை, இன்னும் ஒரு தாளிலும் படாதது.
"அக்கா, அரவேணுல இருந்து ஒரு படம் வந்திருக்கு.
நாலு மீட்டர். துளை இல்ல.
கணக்கு சரியாத்தான் இருக்கு."
அவன் வீட்டுத் தகரத்தில் மழை அறைவது
என் காதில் கேட்டது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவனும் வைக்கவில்லை.
வெகுநேரம் கழித்துக் கேட்டான்:
"அங்க தண்ணி இருக்கா?"