தாழ்மையுடன்

டீக்கடை பெஞ்சில் கருத்து இலவசம்.
என்னிடம் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.
மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம், வேப்பமரத்தடியில்
ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர்,
மூன்று முறை பேட்டரி மாற்றிய யூபிஎஸ்.
திங்கட்கிழமை மனு நாள்.
ஏழு மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன்.

பேப்பர் பையன் சுருட்டி எறிந்ததைக்
கூட்டம் சேர்வதற்குள் படித்துவிடுவேன்.
பொருளாதாரம் வளர்கிறதாம்.
வளரட்டுமே, நானா வேண்டாமென்றேன்?
ஆனால் கருமாத்தூர் ஒச்சம்மாள்
பட்டா கேட்ட அதே மனுவை
எட்டாவது தடவையாக நகலெடுக்க வந்திருக்கிறாள்.
அசல் எந்த மேஜையில் இருக்கிறதோ.
நகலுக்கு நகல், அதற்கும் நகல்.
முதலில் கன்னங்கரேலென்று இருந்த முத்திரை
இப்போது வெறும் சாம்பல்.
சதவீதம் என்று எங்கே படித்தாலும்
எனக்கு அந்தச் சாம்பல்தான் கண்ணில் நிற்கிறது.

என் கருத்துகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது.
பெண்களுக்கு மாதாமாதம் விழும் ஆயிரத்தை
இனாம் என்று சொன்ன ரிட்டயர்டு பேராசிரியரிடம்
மீதிச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே
கால் மணி நேரம் சண்டை போட்டேன்.
எனக்கு அது வரவில்லை. விண்ணப்பம் தள்ளுபடி.
இருந்தும் போட்டேன்.
என் தம்பி பெண்டாட்டி போனில் ‘டிங்’ என்று
அது வந்து விழும்போது மட்டும்
நானும் பேராசிரியர் கட்சி.

மெட்ரோ வரும் என்கிறார்கள். வராது என்கிறார்கள்.
வந்தால் என் கடை போகும்,
வராவிட்டால் ஊர் மானம் போகும்.
ஆதரித்து வந்த மனு, எதிர்த்து வந்த மனு,
இரண்டும் என் மிஷினில்தான் ஓடின.
எனக்கு வஞ்சனை கிடையாது,
இரண்டு பக்கமும் எடுப்பேன்.

உதவிக்கு இருப்பவள் தவச்செல்வி. எம்.எஸ்ஸி. கணிதம்.
எழுதிய பரீட்சைக்கு முடிவு வரவில்லை.
அவள் அடிக்கும் மனுக்களில்
வேலை கேட்கும் மனுவில் மட்டும்
ஒரு ஒற்றுப் பிழைகூட இருக்காது.

கேட்டில் போலீஸ்காரம்மா
ஒவ்வொரு பையையும் திறந்து முகர்கிறார்.
தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்துத் திருப்பித் தருகிறார்.
ரேஷன் கடையில் என்றைக்கும் இல்லாத மண்ணெண்ணெய்
இங்கே வந்துவிடுமோ என்று பயம்.
இதில் எனக்கு என்ன கருத்து என்று கேட்காதீர்கள்.
அந்த அம்மாவும் சாயங்காலம் வந்து
மகள் சாதிச் சான்றிதழை நகலெடுத்துப் போனார்.

போன திங்கள்
திருமங்கலம் பக்கமிருந்து சோணைமுத்து வந்தார்.
சுடுகாட்டுக்குப் பாதை இல்லை.
வரப்பு மேல்தான் தூக்கிப் போகிறார்கள்.
நாற்று நட்டிருந்தால் காடுகாரர் விடுவதில்லையாம்.
முந்தாநாள் இறந்தவரை
கண்மாய்க்குள் இறங்கி, இடுப்புத் தண்ணீரில்
தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்களாம்.
அன்றைய பேப்பரில் முதல் பக்கம் முழுக்க
அனைவரும் சமம் என்று கலரில் விளம்பரம்.
அதன்மேல்தான் என் டீ கிளாஸ் இருந்தது.

அடித்துக்கொண்டே வந்தேன்.
‘ஆகவே ஐயா அவர்கள்’ வரைக்கும் வந்துவிட்டேன்.
‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’
விரல் இறங்கவில்லை.
‘கேட்கிறேன்’ என்று மட்டும் அடித்து
பிரிண்ட் கொடுத்தேன்.

என் வாழ்நாளில் நான் எழுதிய ஒரே தலையங்கம்.

அவர் விரல் வைத்து வாசித்தார். கடைசி வரியில் நின்றது.
“தாயி, தாழ்மையக் காணோமே?”
“எதுக்குண்ணே? சுடுகாட்டுக்குப் பாதைதான கேக்குறீக.”
“நீ எழுதிப்புட்டுக் கடையில உக்காந்துக்குவ.
அங்க போயி நிக்கப்போறது நானு.”

தவச்செல்வி என்னைப் பார்த்தாள்.
நான் திரையைப் பார்த்தேன்.

சேர்த்துவிட்டேன்.
அந்த ஒரு சொல் ஏறியதில் வரி மடங்கி
கையெழுத்துப் போடும் இடம்
அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.
இன்னும் இரண்டு ரூபாய்.

வாங்கவில்லை என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
வாங்கினேன்.