காரணம் கட்டாயம்

தரமணியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள் ஆடி மாதம்,
அம்பத்தூர் எஸ்டேட், எங்கள் வால்வு கம்பெனி மாடிக்கு.
"உங்க வேலையை அப்படியே சொல்லுங்க மேடம்" என்றான் பிரதோஷ்.
சொன்னேன்.
பர்ச்சேஸ் ஆர்டரைப் பார்ப்பேன்,
சரக்கு இறங்கிய சீட்டைப் பார்ப்பேன்,
பில்லைப் பார்ப்பேன்,
மூன்றும் ஒத்துப்போனால் முத்திரை.
பதினேழு வருஷம் அவன் திரையில்
மூன்று பெட்டி, இரண்டு அம்புக்குறி ஆனது.
அவ்வளவுதானா என்று கேட்டது நான்தான்.
அவன் மரியாதைக்கு இருமினான்.

இப்போதெல்லாம் நான் பட்டரவாக்கத்தில் இறங்குமுன்
நூற்றெண்பது பில் முடிந்திருக்கும்.
எட்டு வாஷர் குறைகிறதென்று
பர்ச்சேஸ் மொகிதீனுக்கு அதுவே எழுதிவிடும்,
என்னைவிட நல்ல தமிழில்.
அப்பா காரியத்துக்கு லீவு கேட்ட
டெஸ்பாட்ச் குணபாலனுக்கு
மூன்று நொடியில் அனுமதி வந்தது.
முன்பு மூன்று நாள், இரண்டு கையெழுத்து,
ஒரு "எந்த ஊர்ப்பா?"
குறை சொல்ல வாய் வரவில்லை.

ஐப்பசி, ஒரு வியாழன், மழை.
திரையில் சிவப்புக் கட்டம்:

சேவியர் லேத் ஒர்க்ஸ், பாடி.
தவணை நாற்பத்தைந்து நாள்.
ஐந்து வருடத்தில் அறுபத்திரண்டு பில்.
ஐம்பத்தொன்பதுக்கு முதல் வெள்ளியே பட்டுவாடா.
மீதி மூன்றும்
பயனர் திலகவதி விடுப்பில் இருந்த வாரங்கள்.
விலகல். காரணம் தேர்ந்தெடுக்கவும்.

கர்ப்பப்பை ஆபரேஷன், மகள் பிரசவம், பிறகு டெங்கு.
என் மூன்று விடுப்பையும்
இத்தனை துல்லியமாக வீட்டில்கூட யாரும் எண்ணியதில்லை.

முன்பணத் தள்ளுபடி. அவசரக் கொள்முதல். உள்ளீட்டுப் பிழை.
மற்றவை: விளக்கம் கட்டாயம்.

என்ன விளக்குவது?
வெள்ளம் வந்த வருஷம் சேவியர்
நனைந்த பில்லை இஸ்திரி போட்டு எடுத்துவந்தார்.
மடிப்புக் கலையாத பில்.
அன்றிலிருந்து அவர் ஃபைல் தானாக மேலே ஏறிவிடும்.
யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை,
மேனேஜர் கையெழுத்துப் போடும்போது
ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.
கமிஷனோ என்று சந்தேகிக்க அந்தச் சிவப்புக் கட்டம் போதும்.
வாங்கியதுண்டு.
ஒரு கிறிஸ்துமஸுக்கு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய கல்கல்.

"வெள்ளம்" என்று தட்டினேன்.
குறைந்தது இருபது எழுத்து என்றது.
"நல்ல மனுஷர்" என்று தட்டி, அழித்தேன்.
பிறகு, மடமடவென்று:
சனிக்கிழமை அவர் மூன்று பேருக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

கொஞ்சம் சுழன்றது.

நன்றி. பத்து ஆளுக்குக் குறைவான சப்ளையர்கள்
மொத்தம் முப்பத்தெட்டு.
இதை அனைவருக்கும் விதியாகப் பரிந்துரைக்கலாமா?

முப்பத்தெட்டு.
பட்டியலை இறக்கிப் படித்தேன்.
திருமுல்லைவாயில், மண்ணூர்பேட்டை, கள்ளிக்குப்பம்.
எல்லாப் பெயரும் தெரியும்,
ஜி.எஸ்.டி எண்ணில் கடைசி நாலு எழுத்துகூடத் தெரியும்.
பில்லை அவர்கள் நனையாமல் கொண்டுவந்தார்கள்,
அல்லது கொரியரில் அனுப்பினார்கள்.
முப்பத்தேழு சனிக்கிழமைகள்
இந்த மேசையில் முத்திரைக்கடியில் கிடந்தன,
நாற்பத்தைந்தாம் நாள் வரை,
நான் கருணைக்காரி என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தபோது.

மொகிதீனை அழைத்துக் காட்டினேன்.
"மேல போனா ரொக்கம் பத்தாதும்பாங்க" என்றார்.
"தெரியும்."
"சேவியருக்கும் சேத்து நிறுத்திடுவாங்க."
அதுவும் தெரியும்.

ஆம். இல்லை.
இரண்டும் ஒரே அளவுப் பொத்தான்.
கீழே ஷிப்ட் மாறுகிற மணி.
நாளை வெள்ளிக்கிழமை.

கை நனைந்திருந்தது, முந்தானையில் துடைத்தேன்.
ஆம் என்பதை அமுக்கினேன்.

அது இப்போது நிதிப் பிரிவில் நிற்கிறது,
காரணத்தோடு.